விளக்கடியில் நாலு நாள் ஓய்வு

மெப்பெல்,
வியாழக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள தம்பி ஹார்முக்கு,

உன் அக்கா ரூலி எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்காலைப் பற்றிப் பேச்சு வேண்டாம். அங்கே நீயும், உன்னைப் பொறுத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் டினியும், உன் மூக்கோடு பிறந்தும் அழகாகவே வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மீன் வண்டியில் ஏறியவள் நான். காகிதத்தைக் கையில் எடுத்தால் பொரித்த மீனை மடிக்கத்தான் வருமே தவிர எழுத வராது. பிழை இருந்தால் டினியிடம் காட்டித் திருத்திக்கொள், அவள் படித்தவள்.

நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். வருகிற சனிக்கிழமை உனக்கு ஐம்பது முடிகிறது. அம்மா வருவாளா, மாட்டாளா? மூன்று வாரத்துக்கு முன்னால் தொலைபேசியில் நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல, டினிதான் கேக்குறா, அம்மா வந்தா நல்லாருக்கும்னு." டினிக்கு ஆசை வந்தால் உனக்குத் தொண்டை கம்முகிறது. இப்படி ஒட்டிப்போன தம்பதியை நான் எங்கேயும் பார்த்ததில்லையப்பா.

உனக்கும் அம்மாவுக்கும் நடக்கிற சண்டைக்குக் காரணம் என்ன என்று சந்தையில் யாராவது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொத்து என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். சூப் என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கூடத்தில் பதினெட்டு பேர் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருக்க, எல்லார் கையிலும் பட்டாணி சூப். நட்ட கரண்டி நிற்க வேண்டும், அதுதான் நம் பக்கத்துப் பட்டாணி சூப்புக்கு இலக்கணம். நீ என்ன செய்தாய்? எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, கரண்டியை நட்டு, கையை எடுத்து, அது மெல்லச் சாய்ந்து விழுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கரண்டிக்கு மயக்கம் வந்துருச்சு, யாராச்சும் தண்ணி தெளிங்க" என்றாய். பதினெட்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். அம்மா உன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், நீ கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். இரண்டு வருஷம் பத்து மாதம் ஆகிவிட்டது. அம்மா வீட்டுக் கழிப்பறையில் தொங்குகிற பிறந்தநாள் நாட்காட்டியில் உன் பெயர் மேல் பழுப்பு நாடா ஒட்டியிருக்கிறாள். உன்னை மறப்பதற்காக அவள் செய்த ஏற்பாட்டை, தினமும் ஆறு தடவை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் அம்மாவும் நானும் எல்லை தாண்டிக் கெண்ட் நகரத்துக்குப் போனோம். "அவசரமில்லாத நகர ஓய்வு, நான்கு நாள்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கால்வாய், படகு, அன்னங்கள், எல்லாம் படத்தில் தூங்கி வழிந்தன. என் கணக்கு இதுதான். முதல் நாள் மெதுவாக நடப்பது, இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் நல்ல கேக்கும் காபியும் வாங்கிக் கொடுத்து, அம்மா வெண்ணெய் மாதிரி இளகி இருக்கும் நேரம் பார்த்து உன் பேச்சை எடுப்பது. எல்லாம் சரியாகவே இருந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாய் சும்மா இருக்காமல் விளக்கைப் பற்றிச் சொன்னேன் பார், அங்கேதான் கெட்டது. கெண்டில் பழைய கோட்டைக்கு எதிரே இருக்கிற சதுக்கத்தில் சில தெருவிளக்குகள் உண்டு. ஊரில் பிள்ளை பிறந்ததும் மருத்துவமனையில் பெற்றவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், உடனே அந்த விளக்குகள் மெல்லக் கூடி எரிந்து அடங்கும். மீன் வாங்க வந்த ஒருத்தி சொன்னதை நானும் போகிற போக்கில் சொன்னேன். அம்மா பின்னிக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"புள்ள பொறக்குற ஊருக்கு வெறுங்கையோடயாடி போவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெட்டியைத் தூக்கினேன், தோள் இறங்கிவிட்டது. "உள்ள என்னம்மா, அப்பாவோட கல்லறைக் கல்லா?" என்றேன். கல்லறைக் கல்லே தேவலை. இரண்டு பழுப்பு ரொட்டி, ஒரு வட்டு சீஸ், அதைச் சீவும் கத்தி, காபிக் குடுவை இதெல்லாம் எப்போதும் வருபவை. அவற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் ஒரு டப்பா நிறைய வட்ட ரஸ்க், ஒரு டப்பா வெண்ணெய், சோம்பு மிட்டாய் இரண்டு பெட்டி. பெண் பிறந்தால் ரோஸ், பையன் பிறந்தால் நீலம். நீ பிறந்தபோது அதே மாதிரி ரஸ்க்கில் நீல மிட்டாய் தூவித் தெருவில் வீடு வீடாகக் கொடுத்து வரச் சொன்னாள். எனக்கு ஏழு வயசு, பாதி ரஸ்க்கை நானே தின்றுவிட்டேன், பாதித் தெருவுக்கு உன் பிறப்பு இன்றைக்கு வரை தெரியாது.

ரயில் ஆன்ட்வெர்ப் வருவதற்குள் ரொட்டி ஒன்று தீர்ந்தது. விடுதியில் இறங்கியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் சதுக்கத்துக்குப் போனோம். நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. ஏழு வரை உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அந்த ஊரில் ஒருத்திக்கும் வலி எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை, டாக்டருங்க லீவா இருக்கும்" என்று அம்மா அவர்களுக்காகப் பரிந்து பேசினாள். திங்கட்கிழமை காலை விடுதியில் பலகாரம் மேசை மேசையாக வைத்திருந்தார்கள். அம்மா நம் சீஸை எடுத்து நம் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். விடுதிக்காரப் பெண் வந்து, "அம்மா, இதெல்லாம் ரூம் வாடகையிலயே சேர்த்தி, எடுத்துக்கங்க" என்று காதோடு சொன்னாள். அதற்கப்புறம் பலகாரம் பிதுங்கி அம்மாவின் கைப்பை மூடவில்லை. அந்தப் பையோடும் ரஸ்க் டப்பாவோடும் பதினொரு மணிக்கே விளக்கடிக்குப் போய் உட்கார்ந்தாகிவிட்டது. நான் படகுச் சீட்டோடு நிற்கிறேன்.

"நீ போய்ச் சுத்திட்டு வாடி. நாம படகுல இருக்கறப்போ பொறந்துட்டா?"

"பொறந்தா பொறக்கட்டுமேம்மா, நம்மளக் கேட்டா பொறக்குது?"

"வாழ்த்துறதுக்கு ஆள் வேணாமா?"

தனியாகவே படகில் போனேன். படகுக்காரர் இடது பக்கம் ஒரு நூற்றாண்டையும் வலது பக்கம் ஒரு நூற்றாண்டையும் காட்டினார். எனக்கு அம்மாவை அந்நிய நாட்டில் பெஞ்சில் விட்டுவிட்டு வந்த நினைப்பிலேயே அத்தனை நூற்றாண்டும் ஓடிப்போயின. திரும்பி வந்தால், பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். ஓமெர் என்று பெயர், எண்பத்து நாலு வயசு, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தலையில் பச்சைத் தொப்பி. தினமும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவாராம்.

"உங்க அம்மா நான் வந்ததுலேருந்து விளக்கையே பாக்குறாங்களே. வெளிச்சத்துல எரிஞ்சாத் தெரியாதுன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

"ஐயா, தெரியலைன்னா எரியலைன்னு அர்த்தமா?" என்றாள் அம்மா.

கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தானும் விளக்கைப் பார்த்தார். ஐந்தேகாலுக்கு, நான் விரல் விறைத்து உட்கார்ந்திருந்தபோது, விளக்குகள் கூடி எரிந்தன. ஆர்ப்பாட்டமில்லை, யாரோ மூச்சை இழுத்து விட்ட மாதிரி ஏறி இறங்கின. அவ்வளவுதான். சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் அம்மா எழுந்தாள். நம் ஊரில் பிறந்தநாள் வீட்டில் நுழைந்தால் என்ன செய்வோமோ அதை ஒன்று விடாமல் செய்தாள். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களை வரிசையாகக் கை குலுக்கி, பிறந்தநாள்காரரை மட்டுமல்லாமல் அத்தை, மாமன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் வாழ்த்துவோமே, அது. பீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள், படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியத் தம்பதி, சைக்கிளில் வந்த போலீஸ்காரப் பெண். "வாழ்த்துகள், குழந்தை பொறந்திருக்கு, வாழ்த்துகள்" என்று பன்னிரண்டு பேருக்குக் கை கொடுத்தாள். போலீஸ்காரப் பெண், "என் குழந்தை இல்லீங்களே" என்றாள். "ஒங்க ஊருக் குழந்தைதானே?" என்றாள் அம்மா. அவள் யோசித்துப் பார்த்து நன்றி சொன்னாள். கடைசியில் ஓமெருக்குக் கன்னத்தில் முத்தம். நம் வழக்கம் மூன்று. அந்த ஊரில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிழவர் ஒன்று வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார், மிச்சம் இரண்டும் தொப்பியில் விழுந்தன.

பிறகுதான் வில்லங்கம். ரஸ்க்கில் வெண்ணெய் தடவியாகிவிட்டது. எந்த மிட்டாயைத் தூவுவது? பிறந்தது பையனா பெண்ணா என்று விளக்கு சொல்லவில்லை. "எந்த மடையன் செஞ்ச விளக்குடி இது, பாதிச் சேதிதானே சொல்லுது" என்று அம்மா என்னைத் திட்டினாள், நான்தான் செய்து நட்ட மாதிரி. மருத்துவமனைக்குத் தொலைபேசி போடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். ஹார்ம், அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கப்பட்டவன் நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான். நான் போட்டேன்.

"குழந்தைக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"உறவெல்லாம் இல்லம்மா. சதுக்கத்துல உக்காந்திருக்கோம். ஆணா பொண்ணான்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும், ரஸ்க்ல வெண்ணெ தடவியாச்சு."

"மேடம், இந்த வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சு. இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல."

"நாங்க எல்லைக்கு வடக்கேருந்து வந்திருக்கோம்."

"அது பேச்சுலயே தெரியுது" என்று வைத்துவிட்டாள்.

ரோஸையும் நீலத்தையும் கலந்து தூவி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஓமெர் மூன்று கடியில் முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். டப்பா மூடிக்கொண்டது. நமக்குத் தெரியும், ஆளுக்கு ஒன்று, அப்புறம் மூடி. அவருக்குத் தெரியாது. விரல் நசுங்காமல் தப்பியது அவர் டிராம் ஓட்டிய பழக்கத்தால்தான். "ஏம்மா, ஒங்க ஊர்ல புள்ளையும் வீட்டுக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள், ஹார்ம். நான் அதைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது.

செவ்வாய்க்கிழமை எப்படி ஓய்வெடுத்தோம் என்று கேட்கிறாயா? காலையிலிருந்து அதே பெஞ்சு. தேவாலயம் பார்க்கவில்லை, கோட்டைக்குள் நுழையவில்லை. நாலு நாளும் கோட்டையின் கதவைத்தான் பார்த்தேன், எத்தனை ஆணி என்று கேள், சொல்கிறேன். ஓமெர் ஒரு பை நிறையச் சர்க்கரை பூசிய பாதாம் கொண்டுவந்தார், அவர்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் அதுதான் கொடுப்பார்களாம். கை நிறைய அள்ளி அள்ளிக் கொடுத்தார், பையைத் திறந்தே வைத்திருந்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை, இரண்டு தடவை தானே பையை மடித்து வைத்தாள். நாலரைக்கு ஒரு தடவை விளக்கு எரிந்தது, வாழ்த்தினாள். ஐந்துக்கு ஒரு தடவை, வாழ்த்தினாள். முந்தின நாள் பீர் குடித்த பையன்கள் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்து வரிசையில் நின்றார்கள். நான் பார்த்தேன், இதைவிட இளகிய நேரம் கிடைக்காது. கேக் வாங்கவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அம்மா, ஊரார் புள்ளைக்கெல்லாம் எழுந்து எழுந்து நிக்குற. சனிக்கிழமை ஹார்முக்கு அம்பது. போலாமா?"

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே பூட்டிக்கொண்டது. "போக மாட்டேன்."

"ஏம்மா?"

"மறுபடியும் பதினெட்டு பேரு வட்டமா உக்காந்திருப்பாங்க. நான் கதவத் தொறந்துட்டு உள்ள வருவேன். எல்லாரும் கப்பக் கீழ வச்சுட்டு, இவ என்ன சொல்லப் போறா, அவன் என்ன சொல்லப் போறான்னு பாப்பாங்க. அதுக்குக் காசு குடுத்து சர்க்கஸ் போகச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. பையன்கள் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஓமெர்தான் மெதுவாக, "அம்மா, எரிஞ்சுது" என்றார்.

"பாத்தேன் ஐயா." விளக்கைப் பார்த்தே பேசினாள். "எங்க ஊர்ல ஒருத்தனுக்குப் பொறந்தநாள்னா அவன மட்டும் வாழ்த்த மாட்டாங்க. பெத்தவளையும் வாழ்த்துவாங்க. ரொட்டிக் கடையில, பஸ்ஸுல, எங்க பாத்தாலும் கை குடுத்து, ஒங்க பையனுக்கு இன்னிக்குன்னு சொல்லுவாங்க. ரெண்டு வருஷமா நவம்பர் மாசம் ஒருத்தரும் எனக்குக் கை குடுக்கல. சண்டைன்னு தெருவுக்கே தெரியும். பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. நானும் அன்னிக்கு ரொட்டி வாங்கப் போறதில்ல."

ஓமெர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு எதிரே வந்து கையை நீட்டினார். அம்மா தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் நாலு நாள் இருக்கு ஐயா. முன்கூட்டி வாழ்த்தக் கூடாது, ஆகாது."

"எனக்கு எம்பத்து நாலு வயசு. நாலு நாள்ங்குறது எனக்கு நிச்சயமில்லீங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக் கொடுக்கவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டாவது ரஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். அப்பா இருந்தவரைக்கும் அவருக்கே கிடைக்காத மரியாதை அது. அவரும் புரிந்துகொண்ட மாதிரிதான் தின்றார், தூள்கூடச் சிந்தவில்லை.

நேற்று ஊர் திரும்பினோம். ரயிலில் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். "சனிக்கிழமை விருந்துக்கு வர மாட்டேன்னா வர மாட்டேன். அடுத்த பேச்சு பேசு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: வரமாட்டாள். நான்கு நாள் விளக்கடியில் உட்கார்ந்து எனக்குக் கிடைத்தது ஜலதோஷம் மட்டும்தான். அவளுக்காக நாற்காலி போட்டுவைக்காதே. காலி நாற்காலியைப் பார்த்து உன் விருந்தாளிகள் சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நீதான் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் உனக்கு யாருடைய பிடிவாதம் வந்திருக்கிறது என்று தெரிந்தவள் நான், அதனால் திட்டவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு மணிக்கு வந்துவிடுவோம். பொரித்த மீன் என் பொறுப்பு. என்னை முட்டைக்கோஸ் சமைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதே, அந்த வாடை எனக்கு ஆகாது.

நீ நூறு வயசு வரை தலைமுடியோடு வாழ வேண்டும், இருக்கிற நாலு முடியாவது நிலைக்க வேண்டும். டினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், மூன்று மூன்றாக.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத ஒரே பெண்பிள்ளையான
அக்கா ரூலி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, காலை. கவரை ஒட்டுவதற்குள் அம்மா காபிக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தேன், பத்து மணிக்கு வந்தாள், நான்தான் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொத்தத்தையும் படித்தாள். நான் அடுப்படியில் நின்று கழுவிய கப்பையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, "நான் கை குடுத்தது பன்னெண்டு பேருக்கு இல்ல, ஒம்பது பேருக்கு" என்றாள். அப்புறம், நான் கெண்டுக்கு எதற்குக் கூட்டிப்போனேன் என்பது ரயில் ஏறும்போதே தெரியுமாம். கேட்காமலே நான் காபி வாங்கிக் கொடுத்தேனாம், அதிலேயே சந்தேகம் வந்துவிட்டதாம். "விருந்துக்கு வர மாட்டேன்னுதானே சொன்னேன். விருந்து மத்தியானம். காலைல வர மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" என்று என்னையே கேட்கிறாள்.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அவளே கொண்டுவருகிறாள். சனிக்கிழமை காலை முதல் ரயிலில் வந்து, உன் கதவில் கடிதம் போடுகிற சந்து வழியாகத் தள்ளிவிடுவாளாம். மணி அடிக்க மாட்டாளாம். "அவன் முழுசாப் படிக்கட்டும். தொறக்குறதும் தொறக்காததும் அதுக்கப்புறம் அவன் இஷ்டம். நான் நிக்குறேன்" என்றாள். இதை முதல் பக்கத்தில் எழுதுகிறேன் என்று கெஞ்சினேன், எழுதினதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ சின்ன வயசிலிருந்தே விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறவன். இவ்வளவு நேரமாக வெளியே குளிரில் நின்றுகொண்டிருக்கிறாள் ஹார்ம், எழுந்து போடா.